“பொறுப்பில்லை” என்று கூட்டி வந்த பிள்ளை: வெள்ளவத்தையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

“சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகுது மிஸ். பொறுப்பெண்ட சாமான் இவனுக்குத் துப்புரவா இல்லை.”

அம்மா இதைச் சொல்லும்போது பையன் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தான். முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. பஸ்ஸில் நடத்துனர் தரிப்பிடங்களின் பெயரைக் கூவுவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தான். எத்தனை தரம் கேட்ட வசனமோ.

நான் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு, இப்போது படிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனியாக உதவி செய்து வருகிறேன். உளவியலாளர் அல்ல, வைத்தியரும் அல்ல. இங்கே எழுதுவது ஏழு மாதக் குறிப்பேட்டிலிருந்து. பெற்றோரிடமும் பையனிடமும் கேட்டு, அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். அவனைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பின்னணி

தம்பி தரம் 10. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை, ஒன்பது பாடம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும் தொடர்மாடி வீடு. அப்பாவுக்குப் புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம். இரவு எட்டரைக்குத்தான் வருவார். அம்மம்மா கூடவே இருக்கிறார். தங்கச்சி தரம் 5, புலமைப்பரிசில் பரீட்சை வருடம். அந்த வருடம் வீட்டில் என்ன நடக்கும் என்று இலங்கையில் பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதலாம் தவணையில் கொடுக்கவேண்டிய ஒப்படைகள் 19. தம்பி கொடுக்காதவை 11. கொடுத்த எட்டுக்கும் நல்ல புள்ளி. ஒருங்கமை சமன்பாட்டை எனக்கு விளக்கு என்றேன். கையை ஆட்டி ஆட்டி, இரண்டு வழியிலும் செய்து, எது எப்போது சுகம் என்றும் சொன்னான். விளங்காத பிள்ளை இல்லை. விளங்கியதைக் கொண்டுபோய்ச் சேர்க்கமுடியாத பிள்ளை.

பள்ளிக்கூடம் கிழமைக்கு 30 மணித்தியாலம். டியூஷன்: செவ்வாய், வியாழன் விஞ்ஞானம், புதன் கணிதம், வெள்ளி ஆங்கிலம், சனி காலை வரலாறு, பின்னேரம் வணிகக் கல்வி, ஞாயிறு கணித வினாத்தாள் வகுப்பு. கூட்டிப் பார்த்தால் பதினாலரை மணித்தியாலம். மொத்தம் நாற்பத்து நாலரை. அத்தனையிலும் என்ன செய்யவேண்டும், எப்போது தொடங்கி எப்போது முடிக்கவேண்டும் என்பதை வேறொருவர் சொல்லிவிடுகிறார். மிச்சமாக இருந்தது திங்கட்கிழமைப் பின்னேரம் ஒன்றுதான். அதை நான் எடுத்துக்கொண்டேன். இதிலுள்ள பகிடி எனக்கு மூன்றாம் கிழமைதான் உறைத்தது.

பையைக் கொட்டியது

முதல் நாள் சோதனை ஒன்றும் வைக்கவில்லை. பையைத் தரையில் கொட்டச் சொன்னேன்.

பதின்மூன்று சீ.ஆர். கொப்பிகள். கணிதத்துக்கு மட்டும் மூன்று, மூன்றும் பாதியில் நிற்பவை. மூடியில்லாத நாலு பேனை. இரண்டு மாதத்துக்கு முந்திய பெற்றோர் கூட்டக் கடிதம். கசங்கிய லஞ்ச் ஷீட் ஒன்று, பருப்பு மணத்தோடு. அடியில், நாலாக மடித்த விஞ்ஞான ஒப்படை. விரித்தால், முழுக்கச் செய்து முடித்தது. பெயர்கூட எழுதியிருந்தது.

“இது செய்ததுதானே. ஏன் குடுக்கேல்ல?”

“குடுக்கிற அண்டைக்கு எங்க வச்சனெண்டு தெரியேல்ல மிஸ். பிறகு கண்டுபிடிச்சன். பிந்திக் குடுக்க வெக்கமா இருந்துது.”

செய்யாத பிள்ளை என்று பதிவேட்டில் இருந்த பதினொன்றில் நாலு இப்படிப்பட்டவை என்று பிறகு தெரியவந்தது. சோம்பேறி என்றால் செய்திருக்கவே மாட்டான்.

அடுத்து கொப்பிகளைப் புரட்டினேன். ஒரு விசயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. ஒவ்வொரு நாளின் குறிப்பும் மேலே அழகான எழுத்தில் தொடங்குகிறது. கடைசி வரி மட்டும் அறுந்து நிற்கிறது. “பயிற்சி 7.2 இல் 3, 4,” என்று ஒரு காற்புள்ளியோடு. “வெள்ளிக்கிழமை கொண்டு வர வேண்டியது” என்று, என்னத்தை என்பதில்லாமல். பாடவேளை நாற்பது நிமிடம். வீட்டுவேலை சொல்லப்படுவது மணி அடிக்கும் நேரத்தில். அப்போது வகுப்பே எழும்பி நிற்கும். மற்றப் பிள்ளைகள் எழும்பிக்கொண்டே மனதில் பிடித்துக்கொள்கிறார்கள். இவனுக்கு அந்த ஒரு வரி விழுந்துவிடுகிறது. அந்த வரி விழுந்தால் பின்னேரம் முழுக்க விழுந்தமாதிரித்தான்.

விழுந்ததைப் பொறுக்க ஒரு வழி வீட்டில் இருந்தது. 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது தொடங்கிய வகுப்பு வாட்ஸ்அப் குழு இன்னும் ஓடுகிறது, அம்மாவின் போனில். வீட்டுவேலைப் படங்கள் அங்கே வரும், பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் யாரோ தொலைத்த தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவில். இரவு ஏழு மணிக்கு அம்மா அதைத் துளாவித் தேடி எடுத்து, “நாளைக்கு இது இருக்காம்” என்பார். தம்பியின் ஞாபகசக்தி அம்மாவின் போனில் இருந்தது.

பெயர் ஒன்று வைப்போம்

ஆங்கிலத்தில் எக்சிகியூட்டிவ் ஃபங்ஷன் என்கிறார்கள். செயலாட்சித் திறன் என்று தமிழில் சொன்னால் ஏதோ அமைச்சின் பெயர்போல இருக்கிறது. வேறு நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அகிரா மியாகே என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2000இல் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: மனதில் இருப்பதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது, உடனே செய்யத் தோன்றுவதை அடக்குவது, ஒன்றிலிருந்து மற்றதற்கு மனதை மாற்றுவது. திட்டமிடுதல், நேரத்தைக் கணித்தல், வேலையைத் தொடங்குதல் எல்லாம் இவற்றின்மேல் கட்டப்படுபவை. இவற்றில் பெரும்பங்கு வகிக்கும் முன்மூளைப் பகுதி இருபத்தைந்து வயதுவாக்கில்தான் முதிர்ந்து முடிகிறது. பதினைந்து வயதில் ஒன்பது பாடத்தைத் தலையில் வைத்து ஓட்டு என்பது, ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் எடுக்கமுன் 100ஆம் இலக்க பஸ்ஸைக் காலி வீதியில் விடு என்பதுபோல.

இதற்காக “அவன்ர மூளை இன்னும் வளரேல்ல, விடுங்கோ” என்று சொல்லவரவில்லை. பொறுப்பில்லை என்ற ஒரே சொல்லில் நாலைந்து வேறு வேறு கோளாறுகளை அடைத்துவிடுகிறோம் என்பதுதான் என் மனத்தாங்கல். கார் ஓடவில்லை என்றால் பெற்றோலா, பற்றரியா, ரயரா என்று பார்ப்போம். காருக்குப் பொறுப்பில்லை என்று ஏசமாட்டோம். எங்கே அறுகிறது என்று பார்க்கவேண்டும்.

ஏடிஎச்டியாக, அதாவது கவனம் நிலைக்காத, துடியாட்டம் கூடிய குறைபாடாக இருக்குமோ என்ற கேள்வியும் இருந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வரையறைக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். வீடு, பள்ளிக்கூடம் என்று குறைந்தது இரண்டு இடத்திலாவது தெரியவேண்டும். ஆரம்ப வகுப்புத் தேர்ச்சி அறிக்கைகளில் அப்படி ஒன்றையும் நான் காணவில்லை. ஆனாலும் அதைத் தீர்மானிப்பது என் வேலை இல்லை. பொரளையில் அரச சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். “பேர் ஒண்டு வந்திடும் மிஸ்” என்று அம்மம்மா மூன்று மாதம் இழுத்தடித்தார். கடைசியில் போனார்கள். இப்போதைக்கு மருந்து தேவையில்லை, ஆறு மாதத்தில் திரும்பக் காட்டுங்கள் என்றார் வைத்தியர்.

ஞாபகசக்தி வகுப்பில் சேர்க்கலாமா என்று அம்மா கேட்டார். காலி வீதி நெடுக விளம்பரப் பலகை இருக்கிறதே. மோனிகா மெல்பி-லெர்வாக், சார்ள்ஸ் ஹியூம் இருவரும் 2013இல் செயல் நினைவகப் பயிற்சி (வேலை செய்யும்போது விசயங்களை மனதில் பிடித்துவைக்கும் பயிற்சி) ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி எடுத்த விளையாட்டில் பிள்ளை கெட்டிக்காரனாகிறது, அது வாசிப்புக்கோ கணக்குக்கோ கடந்துபோகவில்லை என்றுதான் கண்டார்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல மேசை வாங்கலாம் என்றேன்.

நான் முதலில் செய்த பிழை

கால அட்டவணை. வேறென்ன. பெரிய தாளில், பாடத்துக்கு ஒரு நிறமாக, அரை மணித்தியாலத் துண்டுகளாக, லமினேற் பண்ணி, மேசைக்கு மேலே ஒட்டினோம். அவ்வளவு வடிவு. அம்மா படமெடுத்து உறவுக்காரருக்கெல்லாம் அனுப்பினார்.

நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் வெள்ளி; மழை, பஸ் பிந்தியது, ஆங்கில வகுப்பு முடிந்து வீடு வர ஏழே கால். அட்டவணைப்படி அவன் அப்போது வரலாற்றில் இருக்கவேண்டும். ஒரு துண்டு தவறியதும் மிச்சம் முழுக்கத் தவறியது என்று விட்டுவிட்டான். யோசித்தால், அட்டவணையைப் பின்பற்றுவதற்கே அவனிடம் இல்லாத திறன்கள் மூன்றும் வேண்டும். நொண்டிக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஓட்டப் பந்தயச் சப்பாத்து. அந்த லமினேற் தாளை இப்போது தங்கச்சி களிமண் உருட்டப் பாவிக்கிறாள்.

நினைச்சது, எடுத்தது

அடுத்த திங்கள் ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போட்டோம். “நினைச்சது”, “எடுத்தது”. ஒரு வேலை தொடங்கமுன் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எழுது. முடிந்ததும் மணிக்கூட்டைப் பார்த்து எழுது. திருத்தமாட்டேன், ஏசமாட்டேன், அம்மாவுக்குக் காட்டமாட்டேன்.

நேரக்கணிப்புப் பிழைப்பது இவனுக்கு மட்டும் வந்த வியாதியில்லை. றொஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் றொஸ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் எடுக்கும் என்றார்கள், எடுத்தது 55.5 நாள். எல்லாம் மிக மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கே 48.6 நாள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆகவே தம்பியும் எல்லாவற்றையும் குறைத்துத்தான் மதிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

வரலாற்று வரைபடம்: நினைச்சது 10, எடுத்தது 47. சரி, எதிர்பார்த்ததுதான். கணிதப் பயிற்சி, ஆறு கணக்கு: நினைச்சது 60, எடுத்தது 22.

அந்த இரண்டாவது வரியை நான் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கிழமைக் கணக்கில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. என்ன செய்யவேண்டும் என்று தெளிவில்லாத வேலையைக் குறைத்து மதிக்கிறான். பயப்படும் வேலையைக் கூட்டி மதிக்கிறான். குறைத்து மதித்ததை “பிறகு செய்யலாம், பத்து நிமிசம்தானே” என்று தள்ளுகிறான். கூட்டி மதித்ததை “இப்ப ஒரு மணித்தியாலம் இல்லை” என்று தள்ளுகிறான். இரண்டு வழியாலும் போய்ச் சேருமிடம் ஒன்றுதான்: இரவு பத்து மணி, போன், கட்டில்.

அவனிடம் இதைச் சொல்லவில்லை. நிரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “கணக்கு இருபத்திரண்டு நிமிசம்தானா மிஸ்?” என்றான். அடுத்த கிழமை கணக்கை டியூஷன் தொடங்கமுன் வகுப்பு வாசலில் இருந்தே செய்திருந்தான்.

சட்டைப்பைக் கொப்பி

அறுந்த கடைசி வரிக்கு மருந்து, பள்ளிச் சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டிக் கொப்பி ஒன்று. ரசல் பார்க்லி என்ற உளவியலாளர் வலியுறுத்தும் விசயம் இது: தலைக்குள் நிற்காததை வெளியே, வேலை நடக்கும் அதே இடத்தில் கொண்டுவந்து வை. மேசைக்கு மேலே ஒட்டிய அட்டவணை வெள்ளவத்தையில் இருந்தது. வரி அறுந்தது வகுப்பறையில்.

கொப்பி இருந்தால் மட்டும் போதாது, எழுத ஞாபகம் வரவேண்டுமே. அதற்கு ஒரு வசனம்: “மணி அடிச்சா, பையைத் தொடமுன்னம், சட்டைப்பையைத் தொடுவன்.” அவனே சொன்ன வசனம். இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று கட்டிவைப்பதன் பலத்தை பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டெட்டரும் 1997இல் காட்டினார்கள். நத்தார் விடுமுறைக்குள் ஒரு சிறு அறிக்கை எழுதி அனுப்பவேண்டும். எங்கே, எப்போது எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்த மாணவர்களில் முக்கால்வாசியளவு பேர் அனுப்பினார்கள், குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான்.

பள்ளிக்கூடத்திடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: வீட்டுவேலையை மணி அடிக்க மூன்று நிமிடம் முன்னதாகக் கரும்பலகை மூலையில் எழுதமுடியுமா? ஒரு ஆசிரியை உடனே சரி என்றார், இன்றைக்கும் எழுதுகிறார். இன்னொருவர், தரம் 10 பிள்ளைக்கு இதெல்லாம் ஊட்டிவிடத் தேவையில்லை என்றார். மற்றவர்களிடமிருந்து பதில் இல்லை. நாற்பத்திரண்டு பிள்ளை இருக்கும் வகுப்பு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊட்டிவிடுவது என்று சொன்னவரைத் தவிர.

முதல் கொப்பி தொலைந்தது. இரண்டாவது சட்டையோடு சேர்ந்து தோய்ந்தது. மூன்றாவது நிலைத்தது, ஏனென்றால் அம்மம்மா தோய்க்கமுன் சட்டைப்பையைத் துளாவத் தொடங்கினார். அவர் இந்த ஆய்வின் கெட்டிக்காரப் பங்காளி.

அம்மா வாயைப் பொத்தியது

கடினமான பகுதி தம்பியோடு நடக்கவில்லை. “படி”, “எடு”, “முடிச்சியா” என்று ஒரு பின்னேரத்தில் எத்தனை தரம் சொல்கிறீர்கள் என்று கலண்டரில் கோடு போடச் சொன்னேன். 23. அம்மாவே பயந்துபோனார்.

அந்த இருபத்து மூன்றையும் இரண்டு கேள்வியாக்கச் சொன்னேன்: பின்னேரம் ஒரு தரம் “இண்டைக்கு என்ன இருக்கு?”, படுக்கமுன் ஒரு தரம் “பைக்குள்ள எல்லாம் இருக்கா?” அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் பார்த்ததைச் சொல்லக்கூடாது.

“நான் சொல்லாட்டி அவன் விழுந்திடுவான் மிஸ்.”

விழுந்தான். இரண்டாம் கிழமை விஞ்ஞானச் செயற்றிட்டம் கொடுக்கும் நாள். அது குட்டிக் கொப்பியில் ஏறவில்லை, அம்மாவின் போனில் இருந்தது. அம்மா இரவு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் புள்ளி போனது. அப்பா அன்று இரவு எனக்கு எடுத்தார். “தெரிஞ்சுகொண்டு பிள்ளையை விழ விட்டிருக்கிறியள். இதுக்கோ நாங்கள் அனுப்பினது?” என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது முழுப்பதில் இல்லை. பிள்ளை விழவேண்டும் என்பது சரி. எதில் விழ விடுவது என்று நான் யோசிக்கவில்லை. ஒரு பயிற்சிக் கணக்கில் விட்டிருக்கலாம், புள்ளி சேரும் வேலையில் விட்டிருக்கக்கூடாது. அது என் பிழை, அப்படியே அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, “சரி, நான் என்ன செய்யோணும் எண்டு சொல்லுங்கோ” என்றார். மூன்று மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி.

புறக்கோட்டைப் பாடம்

வரலாற்றில் மூன்று கிழமைச் செயற்றிட்டம் ஒன்று வந்தது: கொழும்பில் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடங்கள். முடிந்த பிறகு அது எப்படி இருக்கும் என்று முதலில் கீறு, அதிலிருந்து பின்னோக்கி வா என்றேன். தலையை ஆட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. தெளிவில்லாத வேலை, ஆகவே “பத்து நிமிசம்” என்ற பெட்டிக்குள் போய்விட்டது.

சனிக்கிழமை அப்பா அவனைக் கடைக்குக் கூட்டிப்போனார். வணிகக் கல்வி டியூஷனை அப்போது நிறுத்தியிருந்தோம். அதற்கு வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் இன்னொரு ஆய்வு வரும். கடையில் என்ன நடந்தது என்று தம்பி சொன்னதை அப்படியே தருகிறேன்:

“அப்பா பில் புத்தகத்தைக் காட்டினவர் மிஸ். ஆணி முடிஞ்ச பிறகு ஓடர் போட்டா வாற ஆள் பக்கத்துக் கடைக்குப் போயிடுமாம். சாமான் வர இருபது நாள் எண்டா, இருபது நாளுக்குக் காணக்கூடிய ஆணி இருக்கேக்கையே ஓடர் போடோணுமாம். பிறகு கேட்டார், உன்ர புரொஜெக்டுக்குத் தூரத்தில இருந்து வரவேண்டிய சாமான் என்னெண்டு.”

படம்தான் அது. வுல்பெண்டால் தேவாலயத்தின் படம். கடையிலிருந்து அதிக தூரமில்லை, ஆனாலும் போகவேண்டும், உள்ளே விடுவார்களா என்று கேட்கவேண்டும். மற்றதெல்லாம் வீட்டிலிருந்தே செய்யலாம். ஆகவே முதல் ஓடர் அதற்கு. இருவரும் அன்றைக்கே போனார்கள். கதவு பூட்டியிருந்தது. வெளியே நின்று படமெடுத்து, எப்போது வரலாம் என்று விசாரித்து, அடுத்த கிழமை திரும்பப் போனார்கள். ஒரு கிழமை கையில் இருந்ததால் பூட்டிய கதவு ஒரு செய்தியாக மட்டும் இருந்தது. முதல்நாள் இரவு என்றால் அழுகையாக இருந்திருக்கும்.

1656இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தது, 1749இல் கட்டத் தொடங்கிய தேவாலயம் 1757இல் திறக்கப்பட்டது, 1796இல் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது என்று ஒரு காலக்கோடும் கீறினான். தேவாலயம் எட்டு வருடம் எடுத்ததைப் பார்த்துவிட்டு, “அவங்கள் எத்தனை வருசம் எண்டு நினைச்சிருப்பாங்கள் மிஸ்?” என்று கேட்டான். நினைச்சது, எடுத்தது.

நான் மூன்று திங்கட்கிழமை விளக்கியதை அவர் ஒரு பில் புத்தகத்தில் விளக்கிவிட்டார். பின்னோக்கித் திட்டமிடுதல் அந்த வீட்டில் ஏற்கனவே இருந்தது. இரவு எட்டரைக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்துக்கொண்டிருந்தது. குடும்பத்தில் யாரிடம் எந்தத் திறன் இருக்கிறது என்று முதல் நாளே கேட்காமல் விட்டதை என் இரண்டாவது பிழையாகக் குறித்துவைத்திருக்கிறேன்.

பத்து நிமிடம்

சாதாரண தரப் பரீட்சையில் இரண்டாம் பகுதி வினாத்தாளை வாசித்து, வினாக்களைத் தெரிவுசெய்யப் பத்து நிமிடம் மேலதிகமாகத் தருகிறார்கள். அநேகம் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாது. பக்கத்தில் அம்மா இல்லை, டியூஷன் சேர் இல்லை, முதல் வினா கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, பாய்ந்து எழுதக் கை துடிக்கிறது. செயலாட்சித் திறனுக்கு நாடு வைக்கும் ஒரே நேரடிப் பரீட்சை அந்தப் பத்து நிமிடம்தான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கடந்தகால வினாத்தாளை வைத்துப் பழகினோம். பேனையை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். விரலால் மட்டும் வாசிக்கலாம். முதல் தடவை மூன்றாம் நிமிடமே “வாசிச்சிட்டன் மிஸ், பேனையைத் தாங்கோ” என்றான். ஐந்தாவது தடவை, முதலாம் வினாவைத் தெரிவுசெய்ய நினைத்து, அதன் கடைசி உபபகுதியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டான். கடைசிப் பகுதிவரை வாசித்தான் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஏழு மாதத்துக்குப் பிறகு

மூன்றாம் தவணையில் ஒப்படைகள் 17, கொடுக்காதவை 4. வரலாறு 41இலிருந்து 66. கணிதம் 58இலிருந்து 64. விஞ்ஞானம் 55இலிருந்து 52க்கு இறங்கியது. புள்ளி போன அந்த விஞ்ஞானச் செயற்றிட்டம் அதில் ஒரு பங்கு, மிச்சத்துக்கு எனக்குக் காரணம் பிடிபடவில்லை. பையில் கொப்பிகள் ஏழு. மூடியில்லாத பேனை அப்படியேதான் இருக்கிறது.

போன் விசயத்தில் தோல்வி. இரவு பத்துக்குப் போனை அம்மம்மாவின் அறையில் வைப்பதென்று ஒப்பந்தம். இரண்டு கிழமை நடந்தது, பிறகு அம்மம்மாவே நாடகத் தொடர் பார்க்க அதை எடுத்துக்கொண்டார், ஒப்பந்தம் கலைந்தது. அதைத் திரும்பக் கட்டவில்லை. திங்கட்கிழமை வகுப்பையும் மாதம் இரண்டாகக் குறைத்துவிட்டேன். மற்ற இரண்டு திங்களும் அவனுடையவை. ஒன்றில் கிரிக்கெட் விளையாடுகிறான் என்று கேள்வி.

போன தடவை போனபோது கலண்டரைப் பார்த்தேன். கோடுகள் இன்னும் விழுகின்றன, ஆனால் கையெழுத்து மாறியிருந்தது. இப்போது அம்மாவுக்குக் கோடு போடுவது தம்பி. அந்தக் கிழமை ஆகக்கூடியது ஏழு.

“ஏழு இல்ல மிஸ், ஆறு” என்று அம்மா குசினியிலிருந்து சத்தம் போட்டார். “சாப்பிட வா எண்டதையும் சேத்து எண்ணியிருக்கிறான்.”

“மூண்டாந்தரம் சொன்னா அது எண்ணுப்படும்” என்றான் தம்பி, கொப்பியிலிருந்து தலையை எடுக்காமல்.